பக்கத்தை விட்டு வெளியேறக் கற்பிக்கும் பாடங்கள்: ‘சிவிக் ஆன்லைன் ரீசனிங்’ பாடத்தொகுப்பு குறித்த மதிப்புரை

கண்முன் இருக்கும் பக்கத்தைப் படித்து முடிக்காதே, அதை விட்டு வெளியே போ, அதைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று பார், அதன் பிறகு திரும்பி வருவதா வேண்டாமா என்று முடிவு செய். இணையத் தகவல்களை ஆராயக் கற்பிக்கும் ‘சிவிக் ஆன்லைன் ரீசனிங்’ பாடத்தொகுப்பு மாணவரிடம் முதலில் கேட்பது இதைத்தான். பத்து ஆண்டுகளாகப் பள்ளியில் நாம் அவருக்குப் பழக்கிவிட்டதற்கு இது நேர் எதிரானது. வரிக்கு வரி அடிக்கோடிட்டுப் படிப்பதும், புத்தகத்தின் பின்பக்க வினாக்களுக்கு அதே பாடத்திலிருந்து விடையைத் தேடி எடுப்பதும்தான் படிப்பு என்று நம்பி வளர்ந்த பிளஸ் ஒன் மாணவர்களுக்கு இது எவ்வளவு விசித்திரமாகப் படுகிறது என்பதை, இரண்டு கல்வியாண்டுகளாக இதை வகுப்பில் நடத்திப் பார்த்த ஆசிரியன் என்ற முறையில் அறிவேன். மேல்நிலை மாணவர்களுக்குச் செய்திகளையும் இணையத் தகவல்களையும் ஆராயக் கற்பிக்க விரும்பும் சக ஆசிரியர்களுக்காக, இத்தொகுப்பு எங்கே கைகொடுக்கிறது, எங்கே நம் வகுப்பறைக்குப் போதாமல் நிற்கிறது என்பதைப் பதிவு செய்கிறேன்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க் 2002இல் தொடங்கிய வரலாற்றுக் கல்விக் குழு உருவாக்கிய தொகுப்பு இது. அக்குழு பின்னர் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து ‘டிஜிட்டல் இன்கொயரி குரூப்’ என்னும் தனி அமைப்பாக இயங்கி வருகிறது. பாடங்கள் அனைத்தும் இலவசம். பெயரையும் மின்னஞ்சலையும் கொடுத்துப் பதிவு செய்துகொண்டால் ஆசிரியர் குறிப்பு, மாணவர் பணித்தாள், மதிப்பீட்டு அளவுகோல் ஆகியவற்றைத் தரவிறக்கிக்கொள்ளலாம்.

தொகுப்பின் அடிப்படையை விளங்கிக்கொள்ள அதன் பின்னால் இருக்கும் ஓர் ஆய்வைத் தெரிந்துகொள்வது நல்லது. வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் வெளியிட்ட அந்த ஆய்வில், முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள் 10 பேர், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டின் இளநிலை மாணவர்கள் 25 பேர் ஆகியோரிடம் சில இணையதளங்களைக் கொடுத்து, அவை நம்பத்தக்கவையா என்று எண்ணுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆராயச் சொன்னார்கள். பெயரளவில் ஏறக்குறைய ஒன்றுபோல ஒலிக்கும் இரண்டு குழந்தை மருத்துவர் அமைப்புகளின் தளங்கள் அவற்றில் அடங்கும். ஒன்று 1930இல் தோன்றிய, பல்லாயிரக்கணக்கான உறுப்பினர்களைக் கொண்ட அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமி. மற்றொன்று, ஒருபாலினத் தம்பதியர் குழந்தைகளைத் தத்தெடுப்பதை அந்த அகாடமி ஆதரித்ததை எதிர்த்து 2002இல் தனியே பிரிந்த சிறிய குழு. சிறிய குழுவின் தளமும் நேர்த்தியான வடிவமைப்பும் மேற்கோள்களும் முத்திரையுமாகவே இருந்தது. வரலாற்றாசிரியர்களிலும் மாணவர்களிலும் பலர் அந்தத் தளத்துக்குள்ளேயே மேலும் கீழும் நகர்ந்து, அதன் தோற்றத்தையும் நடையையும் எடைபோட்டு ஏமாந்தார்கள். உண்மை சரிபார்ப்பாளர்களோ தளத்துக்குள் வந்த சில நொடிகளிலேயே உலாவியில் புதிய தாவல்களை (டேப்) திறந்து, அவ்வமைப்பைப் பற்றி வெளியே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று தேடினார்கள். குறைவாகப் படித்து, விரைவாக, சரியான முடிவுக்கு வந்தார்கள். இந்தப் பழக்கத்துக்குப் பக்கவாட்டு வாசிப்பு என்று பெயர் வைத்தார்கள். ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாகப் போகாமல், தாவலிலிருந்து தாவலுக்குப் பக்கவாட்டில் போவது என்று பொருள்.

தொகுப்பின் பாடங்கள் எல்லாம் மூன்று கேள்விகளைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. இந்தத் தகவலுக்குப் பின்னால் இருப்பவர் யார்? ஆதாரம் என்ன? பிற இடங்களில் என்ன சொல்லப்படுகிறது? அறிமுகப் பாடங்களுக்குப் பிறகு, தேடல் முடிவுகளில் முதலாவதை உடனே சொடுக்காமல் பட்டியல் முழுவதையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, புகைப்படத்தையும் காணொளியையும் ஆராய்வது, விக்கிப்பீடியாவை முறையாகப் பயன்படுத்துவது எனப் பாடங்கள் விரிகின்றன. ஒவ்வொரு பாடத்திலும் ஆசிரியர் முதலில் திரையில் ஒரு தளத்தைத் திறந்து, தன் மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்து காட்ட வேண்டும். பிறகு மாணவர்கள் இருவர் இருவராகச் செய்ய வேண்டும். இறுதியில் தனியாக எழுத வேண்டும். எழுதியதைத் தொடக்கநிலை, வளர்நிலை, தேர்ச்சிநிலை என மூன்று நிலைகளில் மதிப்பிடுகிறார்கள். ஒவ்வொரு நிலைக்கும் மாணவர் விடைகளின் மாதிரிகளும் இருப்பதால், ஊடகக் கல்வியில் பயிற்சி பெறாத ஆசிரியரும் திருத்த முடிகிறது. வாய்விட்டுச் சிந்திக்கும் பகுதிதான் இத்தொகுப்பின் உயிர் என்பது என் கணிப்பு. ஆசிரியர் எதையும் முன்கூட்டியே அறிந்தவராக நிற்காமல், “இந்தப் பெயர் எனக்குப் புதிது, தேடிப் பார்ப்போம்” என்று சொல்லித் தேடி, ஒரு முறை தவறான இணைப்பைச் சொடுக்கித் திரும்பி வரும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். கரும்பலகையில் பிழையின்றி எழுதிப் பழகிய கைக்கு இது எளிதன்று.

மாதிரிப் பயிற்சிகளில் இரண்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதலாவது, ஜப்பானின் ஃபுகுஷிமா அணுவுலை விபத்துக்குப் பிறகு பூத்தவை என்ற குறிப்புடன் ஒரு படப்பகிர்வுத் தளத்தில் வெளியான, உருச்சிதைந்த டெய்சி மலர்களின் படம். 2016இல் இக்குழு வெளியிட்ட அறிக்கையின்படி, இப்பயிற்சியைச் செய்த உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே படத்தின் மூலத்தைச் சரிவரக் கேள்விக்குட்படுத்தினர். ஏறக்குறைய 40 சதவீதத்தினர் படமே வலுவான ஆதாரம் என்று வாதிட்டனர். என் வகுப்பில் இதைக் காட்டியபோது ஒரு சாரார் உடனே “இது கிராஃபிக்ஸ் சார்” என்றார்கள். நம்பியவர்களைக் காட்டிலும் இவர்களுக்குத்தான் கற்பிப்பது கடினம் என்பதை அன்று உணர்ந்தேன். மலர்கள் போலியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இத்தகைய உருச்சிதைவு கதிரியக்கம் இல்லாமலும் இயல்பாகத் தோன்றக்கூடியது. படம் எங்கே எடுக்கப்பட்டது, யார் எடுத்தார், கதிரியக்கத்தோடு அதை இணைப்பது எது என்பனவே கேள்விகள். படம் உண்மையா பொய்யா என்பதையும், படத்தோடு சேர்த்துச் சொல்லப்பட்ட கூற்று உண்மையா பொய்யா என்பதையும் இரண்டாகப் பிரிக்கக் கற்பிப்பதற்கு இந்த மலர்களைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. செயற்கை நுண்ணறிவால் படங்கள் உருவாக்கப்படும் இந்நாளில், படத்தில் இருப்பவரின் விரல்களை எண்ணிப் பார்த்துப் போலியைக் கண்டுபிடிக்கச் சொல்லும் குறுக்குவழிகளைக் காட்டிலும் இந்தப் பிரிவினை நெடுநாள் பயன்தரும்.

இரண்டாவது, 2016 அமெரிக்கத் தேர்தலையொட்டி ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் வாக்குப்பெட்டிகளில் கள்ள வாக்குகள் திணிக்கப்பட்டதாகச் சொல்லி ஃபேஸ்புக்கில் உலவிய காணொளி. உண்மையில் அந்தக் காட்சிகள் ரஷ்யாவில் எடுக்கப்பட்டவை. அமெரிக்கா முழுவதும் 3,446 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம், இணையத்தில் தேடிக்கொள்ள முழு அனுமதியும் கொடுத்து இதை ஆராயச் சொன்னபோது, 52 சதவீதத்தினர் அதை முறைகேட்டுக்கு வலுவான சான்றாக ஏற்றுக்கொண்டார்கள். காணொளியின் உண்மையான மூலத்தைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் மூவர் மட்டுமே. மூன்று சதவீதம் என்று வாசித்துவிட வேண்டாம், மூன்று பேர்.

அமெரிக்க வேட்பாளர் தேர்வு முறையை விளக்கவே ஒரு பாடவேளை போய்விடும் என்பதால், இந்தப் பயிற்சியை நான் அப்படியே நடத்துவதில்லை. அதன் இடத்தில் 2023 மார்ச் மாத நிகழ்வை வைத்துக்கொண்டேன். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்பட்டுக் கொல்லப்படுகிறார்கள் என்று அப்போது வட மாநிலங்களில் காணொளிகள் பரவியதும், நிலைமையை நேரில் அறியப் பீகாரிலிருந்து ஒரு குழு வந்து சென்றதும் நினைவிருக்கும். அக்காணொளிகளில் ஒன்று திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையே நடந்த மோதல் என்று தமிழ்நாடு காவல்துறைத் தலைவர் அன்றைக்கே விளக்கமளித்தார். ரஷ்யக் காணொளியின் அமைப்பு இதில் அப்படியே இருக்கிறது: காட்சி உண்மை, இடமும் காரணமும் பொய். கூடுதலாக ஒரு நன்மையும் உண்டு. காணொளியில் தெரியும் கடைப் பலகை, பேச்சுமொழி, சாலை ஆகியவற்றை நம் மாணவர்கள் ஒரு பார்வையிலேயே படித்துவிடுகிறார்கள். பாட்னாவில் அதே காணொளியைப் பார்த்தவருக்கு அது ஏன் எளிதில் முடியாமல் போனது என்ற விவாதம் தானாகவே எழுகிறது.

இப்படித் தழுவி நடத்துவதில் பெரிய இடர்ப்பாடு வேறிடத்தில் இருக்கிறது. தொகுப்பின் முதல் கேள்வி, தகவல் ஒரு பக்கமாக, ஒரு முகவரியோடு வரும் என்று கருதிக்கொள்கிறது. தமிழ்நாட்டு வீடுகளில் தகவல் வாட்ஸ்அப்பில், முகவரியின்றி, தெரிந்தவரின் பெயரோடு வருகிறது. “இதற்குப் பின்னால் இருப்பவர் யார்?” என்று வகுப்பில் கேட்டபோது ஒரு மாணவி சற்றும் தயங்காமல், “எங்க பெரிய மாமா சார். அவர் பொய் சொல்ல மாட்டார்” என்றாள். அவள் சொன்னதில் தவறில்லை. மாமா பொய் சொல்லவில்லை. அவருக்கு வந்ததை அனுப்பினார். அந்த விடைக்குப் பிறகு தொகுப்பின் முதல் கேள்வியை இரண்டாக உடைத்துவிட்டேன்: அனுப்பியவர் யார், ஆக்கியவர் யார்? அனுப்பியவர் மீதுள்ள அன்பும் மரியாதையும் ஆக்கியவருக்குப் போய்ச் சேர வேண்டியதில்லை என்பதை மாணவர்கள் உணர்வதற்கு இந்தப் பிளவு உதவியது. குடும்பக் குழுவில் பெரியவர் அனுப்பியதைப் பிள்ளை எப்படி மறுப்பது என்ற கேள்விக்கு அமெரிக்கப் பாடத்தில் விடை இல்லை. அது அவர்கள் குறையுமில்லை.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குழந்தை கடத்துபவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம் ஒரு மூதாட்டியை அடித்துக் கொன்றது. அந்த ஆண்டு நாட்டின் பல பகுதிகளில் இத்தகைய கொலைகள் நடந்த பிறகே, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அந்த வதந்திகளைப் பரப்பியவர்களில் பெரும்பாலோர் தம் பிள்ளைகளைப் பற்றிய கவலையால் அனுப்பியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

முகவரியில்லாத வடிவங்களில் இன்னொன்று நியூஸ் கார்டு. தொலைக்காட்சி நிறுவனத்தின் இலச்சினை, தலைவரின் படம், அவர் சொன்னதாக ஒரு வரி, கீழே தேதி என்று சதுர வடிவில் வரும் இந்த அட்டைகளைப் போலியாகச் செய்வது எளிது என்பதால், தமிழில் உண்மை சரிபார்க்கும் தளங்கள் மீண்டும் மீண்டும் இவற்றைத்தான் கையாள வேண்டியிருக்கிறது. இதற்குப் பக்கவாட்டு வாசிப்பு மிக நன்றாகப் பொருந்துகிறது. எழுத்துரு சற்று மாறியிருக்கிறதா, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று அட்டையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவரை, அட்டையை மூடிவிட்டு அந்த நிறுவனத்தின் அதிகாரப்பூர்வப் பக்கத்துக்குப் போய் அதே தேதியில் அது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிகிறது. தொகுப்பு தரும் மையக் கருத்து வடிவம் மாறினாலும் நிலைத்து நிற்கிறது என்பதற்கு இதுவே எனக்குக் கிடைத்த நல்ல சான்று.

ஆனால் வெளியேறிப் போய்ப் பார்ப்பதற்கு வெளியே ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? ஆங்கிலத்தில் ஓர் அமைப்பின் பெயரைத் தேடினால் கலைக்களஞ்சியக் கட்டுரை, நாளிதழ்ப் புலனாய்வு, எதிர்த்தரப்பின் விமர்சனம் என்று ஒன்றையொன்று சாராத மூலங்கள் கிடைக்கும். தமிழில் ஒரு கூற்றைத் தேடும்போது, அதே வாசகம் ஐந்து தளங்களில் எழுத்து மாறாமல் வந்து நிற்பதைப் பல முறை பார்த்தோம். ஐந்து இடத்தில் வந்திருப்பதால் உண்மை என்று மாணவர்கள் எழுதினார்கள். பிற இடங்களில் என்ன சொல்லப்படுகிறது என்ற மூன்றாவது கேள்விக்கு, அந்த இடங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவையா என்ற துணைக் கேள்வியைச் சேர்க்காமல் தமிழ் வகுப்பில் இப்பாடத்தை நடத்தக் கூடாது என்பேன். விக்கிப்பீடியா பற்றிய பாடமும் இதேபோலத் தழுவலை வேண்டுகிறது. விக்கிப்பீடியாவைத் தொடாதே என்று ஆசிரியர்கள் தடுப்பதற்கு மாறாக, அறியாத அமைப்பைப் பற்றி முதல் தகவல் பெறவும், கட்டுரையின் அடியில் இருக்கும் மேற்கோள்கள் வழியே மேலே செல்லவும் அதைப் பயன்படுத்தச் சொல்கிறது தொகுப்பு. இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருந்தாலும் பல கட்டுரைகள் சில வரிகளோடு நின்றுவிடுவதால், இரு மொழிப் பக்கங்களையும் அருகருகே திறந்து வைத்துப் படிக்கச் சொல்கிறேன்.

எதிர்பாராத ஒரு செய்தியையும் பதிவு செய்ய வேண்டும். தொலைக்காட்சியைப் பொறுத்தவரை, பின்னால் இருப்பவர் யார் என்ற கேள்விக்கு நம் மாணவர்கள் கேட்பதற்கு முன்பே விடை சொல்லிவிடுகிறார்கள். கலைஞர், ஜெயா என்று பெயரிலேயே சார்பு தெரியும் அலைவரிசைகள் உள்ள ஊரில் வளர்ந்தவர்கள் அவர்கள். எந்த அலைவரிசை யாருடையது என்பது வீட்டில் சோற்றோடு சேர்த்து ஊட்டப்பட்ட அறிவு. சிக்கல் என்னவென்றால், விசாரணை அங்கேயே முடிந்துவிடுகிறது. “அது அவங்க டிவி சார், அப்படித்தான் போடுவான்” என்று சொன்ன மாணவரிடம், சரி, இந்தச் செய்தியில் சொல்லப்பட்ட எண் சரியா தவறா என்று கேட்டால் பதில் இல்லை. சார்பைக் கண்டுபிடிப்பது ஆய்வின் தொடக்கம் என்பதைக் காட்ட, தொகுப்பின் இரண்டாவது கேள்வியான ஆதாரத்தின் மீது வழக்கத்தைவிட இரு மடங்கு நேரம் செலவிட வேண்டியிருந்தது.

செய்தியை ஆராய்வது என்பதன் முழுப் பரப்பும் இத்தொகுப்பில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தகவல் நம்பத்தக்கதா என்பதே இதன் அக்கறை. நம்பத்தக்க இரண்டு நாளிதழ்கள் ஒரே நிகழ்வை எப்படி வேறுவேறு தலைப்பில், வேறுவேறு பக்கத்தில், வேறுவேறு படத்தோடு தருகின்றன, எதை விட்டுவிடுகின்றன என்பதை இது தொடுவதில்லை. அதற்கு நான் பழைய வழியையே நாடுகிறேன்: தினத்தந்தி, தினமணி, தினமலர், இந்து தமிழ் திசை ஆகியவற்றின் ஒரே நாளைய முதல் பக்கங்களை மேசையில் விரித்து வைத்துவிடுவது. நிதிநிலை அறிக்கைக்கு மறுநாள் இதைச் செய்தால் ஒரு பாடவேளை போதாது.

வேறு தெரிவுகளும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் இதழில் பணியாற்றிய ஆலன் மில்லர் 2008இல் தொடங்கிய ‘நியூஸ் லிட்டரசி புராஜெக்ட்’ நடத்தும் ‘செக்காலஜி’ தளம், செய்தியாளர்களே பாடம் நடத்தும் காணொளிகளோடு கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் அதன் பாடங்கள் அமெரிக்க அரசியலமைப்போடும் ஊடகச் சூழலோடும் இறுகப் பிணைந்தவை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் பங்களிப்போடு 2018இல் வெளியான ‘பேட் நியூஸ்’ என்னும் இணைய விளையாட்டில், மாணவரே பொய்ச்செய்தி பரப்புபவராக நடித்து அதன் உத்திகளைக் கற்கிறார். ஒரு பாடவேளைக்கு அருமையானது, அதற்கு மேல் தாங்காது. பக்கத்து மாநிலமான கேரளத்தில் கண்ணூர் மாவட்ட நிர்வாகம், தடுப்பூசிக்கு எதிரான வதந்திகள் படுத்திய பாட்டுக்குப் பிறகு, 2018இல் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச்செய்தியைக் கண்டறியும் வகுப்புகளை நடத்தியது. நமக்கு மொழியாலும் சூழலாலும் அருகில் இருக்கும் முன்மாதிரி அதுதான். இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் ஸ்டான்ஃபோர்டு தொகுப்பையே தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது வகுப்பறையில் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது என்பதே. நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் 499 மாணவர்களிடம் நடந்த ஆய்வில், தலா 50 நிமிடம் கொண்ட ஆறே பாடங்களைப் படித்த 12ஆம் வகுப்பு மாணவர்கள், படிக்காத வகுப்பினரைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள்.

அந்த ஆறு என்ற எண் நமக்கு முக்கியம். பொதுத்தேர்வு நெருக்கத்தில் எந்தத் தலைமையாசிரியரும் அதற்கு மேல் பாடவேளை ஒதுக்க மாட்டார். அரையாண்டுத் தேர்வுக்கு முன் ஆறு பாடவேளை கிடைத்தால், பக்கவாட்டு வாசிப்புக்கு இரண்டும், படத்துக்கும் காணொளிக்கும் இரண்டும், தேடல் முடிவுகளுக்கும் விக்கிப்பீடியாவுக்கும் சேர்த்து ஒன்றும் கொடுத்துவிட்டு, கடைசியை வாட்ஸ்அப்புக்கு வைத்துக்கொள்ளலாம். ஹைடெக் லேப் இருந்தால் மாணவர்களே தேடலாம். இல்லாவிட்டால் ஒரு மடிக்கணினியும் புரொஜெக்டரும் போதும், ஒரு மாணவர் விசைப்பலகையில் உட்கார, மற்றவர்கள் எதைச் சொடுக்க வேண்டும் என்று சொல்லலாம். பின்னது வகுப்பில் அதிகச் சத்தத்தை உண்டாக்குகிறது, கற்றலையும்தான். பணித்தாள்கள் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழ்வழி மாணவர்களுக்காக அவற்றைத் தமிழில் எழுதிப் படியெடுக்கும் வேலையை ஆசிரியர் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு அதற்கு ஒரு கோடை விடுமுறையில் பாதி செலவானது.

கடைசிப் பாடவேளைக்கான பணித்தாளை நானே தயாரித்தேன். வீட்டுக் குழுவில் வந்த ஒரு ஃபார்வேர்டை எழுதி வந்து, அனுப்பியவர் யார், ஆக்கியவர் யார், ஆதாரம் என்ன, பிற இடங்களில் என்ன சொல்லப்படுகிறது, அந்த இடங்கள் தனித்தனியானவையா என்று ஐந்து கட்டங்களை நிரப்ப வேண்டும். மாணவர்கள் நன்றாகவே நிரப்பினார்கள். தேர்ச்சிநிலை மதிப்பெண் தாராளமாகப் போட முடிந்தது. ஆறாவதாக, கண்டறிந்ததை அனுப்பியவரிடம் சொன்னீர்களா என்று ஒரு கட்டமும் வைத்திருந்தேன். பெரும்பாலான தாள்களில் அது வெறுமையாக இருந்தது. பெரிய மாமாவைப் பற்றிச் சொன்ன மாணவி மட்டும் பென்சிலால் எழுதியிருந்தாள்: “பொங்கலுக்கு வருவார். அப்போது சொல்கிறேன்.”